எண்ணத்தின் வலிமையும் இறைவனின் வல்லமையும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, முத்துப்பேட்டைப் பகுதியில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் இல்லத்திற்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வயலும் தோப்பும் முடிந்து உப்பங்கழி தொடங்கும் இடம் அது. பாமணியாறும் கோரையாறும் காவிரியின் கடைசி நீரைச் சுமந்து வந்து காயலில் கலக்கின்றன. அதற்கப்பால் அலையாத்திக் காடு. அதற்கும் அப்பால் கடல். வீட்டுத் தலைவர் அறுபது வயதை நெருங்கியவர். நாள் தவறாது செபமாலை சொல்பவர். அவருடைய மூத்த மகள் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயினும் ஒன்றை நாம் கவனித்தோம். மகள் திண்ணைக்கு வந்தால் தகப்பனார் கொல்லைப்புறம் போகிறார். மகள் கூடத்தில் அமர்ந்தால் இவர் வாசலில் போய் நிற்கிறார். அவள் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

தோப்பைக் காட்டுவதாகச் சொல்லி நம்மை அழைத்துச் சென்றவர், சிறிது தூரம் மௌனமாக நடந்தபின் நின்றார்.

"சாமி, ஒன்று கேட்கலாமா? மனிதன் நினைப்பதுதான் நடக்குமா?"

ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்றோம். மெல்ல மெல்ல மனத்தைத் திறந்தார். 2018-ஆம் ஆண்டுக்கு முன்பெல்லாம், ஐப்பசி பிறந்து காற்று திசை மாறினாலே அவருக்கு உறக்கம் வராதாம். தோப்பு முழுவதும் வேரோடு சாய்ந்து கிடப்பதுபோல் ஒரு காட்சி கண்ணெதிரே வருமாம். அந்த ஆண்டு ஐப்பசி முடிவதற்குள் அவர் கண்ட காட்சி அப்படியே நடந்தேறியது. சில மாதங்களுக்குப் பின், நண்பர் ஒருவர் அழைத்தாரென்று பக்கத்து ஊரில் நடந்த ஒரு கூட்டத்திற்குப் போயிருக்கிறார். அங்கே பேசியவர், மனத்தில் எதை நாம் படமாகக் காண்கிறோமோ அதையே நம்மிடம் இழுத்துக் கொள்கிறோம் என்றும், செல்வமும் இழப்பும் அவரவர் எண்ணத்தின் விளைவே என்றும் விளக்கினாராம்.

"அப்படியானால் என் தோப்பை நானே சாய்த்துவிட்டேனா, சாமி? இப்போது பெண் பக்கத்தில் உட்கார்ந்தால், என்னை அறியாமல் ஏதாவது கெட்ட நினைப்பு வந்து, அது அவளுக்கும் பிள்ளைக்கும் பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

தாம் பெற்ற மகளிடமிருந்து ஒரு தந்தை ஒளிந்து வாழ்வதற்கான காரணம் இப்போது நமக்கு விளங்கிற்று. இத்தகைய அச்சம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் பங்குகளில் எத்தனையோ உள்ளங்களை இது அரித்துக்கொண்டிருக்கிறது. எனவேதான் இம்மாதம் எண்ணத்தின் வலிமையைப் பற்றியும், கற்பனை என்னும் கொடையைப் பற்றியும் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

புயல் யாரைக் கேட்டு வந்தது?

முதலில் நடந்ததை நடந்தபடி பார்ப்போம். வங்கக் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்றுப் புயலாயிற்று. அதற்குக் கஜா என்று பெயரிட்டார்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே அது கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. நம் மக்கள் தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்றே அழைப்பவர்கள். அன்று காலையில் வீட்டுக்கு வீடு எழுந்த அழுகை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அழுகையாகவே இருந்தது. செபமாலை சொன்னவரின் தோப்பும் விழுந்தது; தொழுகை நடத்தியவரின் தோப்பும் விழுந்தது; கோயிலுக்குத் தேர் இழுத்தவரின் தோப்பும் விழுந்தது. நாளெல்லாம் நல்லதையே எண்ணியவரின் மரத்தைக் காற்று விலக்கிவிட்டுச் செல்லவில்லை.

அப்புயலுக்கு முன் மற்றொன்றும் நடந்தது. வானிலை ஆய்வாளர்கள் மிகக் கொடிய விளைவுகளை முன்கூட்டியே மனக்கண்ணால் கண்டார்கள், எச்சரித்தார்கள். பல்லாயிரம் மக்கள் தாழ்வான இடங்களை விட்டு முகாம்களுக்குச் சென்றார்கள். அவ்வாறு செல்லாதிருந்தால் உயிரிழப்பு இன்னும் எவ்வளவு மிகுந்திருக்கும்! தீமையை எண்ணிப் பார்த்தது தீமையை இழுத்து வரவில்லை, உயிர்களையே காத்தது.

இதற்கு நேர்மாறானதையும் நம் கரை கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். அன்று காலை வேளாங்கண்ணியின் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகளில் எவர் ஆழிப்பேரலையை நினைத்திருந்தார்? அச்சொல்லையே நம்மில் பெரும்பாலோர் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் கடல் எழுந்து வந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை அது கொண்டு சென்றது. எவரும் எண்ணாதது அன்று நடந்தது. ஆகவே, எண்ணியதுதான் நடக்கும் என்பதும், எண்ணாதது நடவாது என்பதும் நம் கண் கண்ட உண்மைக்கே முரணானவை.

பழைய தவறு, புதிய உடை

எண்ணத்தின் ஆற்றலைப் பற்றிய போதனை நெடுநாளாக உலகில் உலவி வருவது. பிரான்சு நாட்டின் துருவா நகரில் மருந்துக் கடை நடத்திய எமில் கூவே (1857-1926) என்பவர், நாளுக்கு நாள் தாம் நலமடைந்து வருவதாக நோயாளி தனக்குத்தானே பலமுறை சொல்லிக் கொள்ள வேண்டும் என்று கற்பித்தார். அமெரிக்கப் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் 1952-இல் வெளியிட்ட நூல், நம்பிக்கையான சிந்தனையின் வலிமையை உலகெங்கும் பரப்பியது. இவற்றில் உண்மையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். தோற்றுவிடுவேன் என்று அஞ்சியபடி தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்குப் படித்ததும் மறந்துபோகிறது. பிழைக்கமாட்டேன் என்று சோர்ந்த நோயாளி மருந்தையும் உணவையும் தள்ளிவிடுகிறார். எண்ணம் நம் கையின் வழியாக, நாவின் வழியாக, கால்களின் வழியாகச் செயலாகிறது. அந்த அளவில் அதன் வலிமை பெரிது.

ஆனால் அந்த எல்லையைத் தாண்டி, எண்ணம் தானாகவே புறப்பட்டுப் போய்க் காற்றையும் கடலையும் கருப்பையையும் ஆளுகிறது என்று சொல்லும்போது, மனிதனை இறைவனின் இடத்தில் அமர்த்திவிடுகிறோம். இல்லாததைச் சொல்லால் உண்டாக்குபவர் ஆண்டவர் ஒருவரே. மேலும், இப்போதனையில் ஒரு கொடுமையும் மறைந்திருக்கிறது. வென்றவனை இது புகழ்கிறது. இழந்தவனிடம், உன் இழப்புக்கு நீயே காரணம் என்று சொல்கிறது. சாய்ந்த தோப்பின் நடுவே நிற்பவனின் தலையில் இன்னொரு மரத்தையும் சாய்க்கிறது!

யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவேயன்றோ? சாம்பலில் அமர்ந்திருந்தவரிடம் குற்றத்தைத் தேடினார்கள். இறுதியில் இறைவன் அவர்களையே கடிந்துகொண்டார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் வினவியபோது, இருவருமல்லர் என்றார் நம் ஆண்டவர் (யோவான் 9). சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியையும் அவரே எடுத்துச் சொல்லி, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணலாகாது என்று தெளிவுபடுத்தினார் (லூக்கா 13). கோபுரம் விழுந்தாலும் சரி, தென்னை விழுந்தாலும் சரி, அவருடைய தீர்ப்பு ஒன்றே.

அப்படியானால் உள்ளத்து எண்ணங்களைப் பற்றி ஆண்டவர் கண்டிப்பாகப் பேசவில்லையா என்று சிலர் கேட்கலாம். பேசினார். தீமை உள்ளத்திலிருந்தே புறப்படுகிறது என்றார் (மாற்கு 7). ஆனால் அவர் குறித்தது, நாம் மனமுவந்து வரவேற்று, இடங்கொடுத்து, வளர்க்கும் எண்ணத்தையே. பகைவனின் அழிவை எண்ணி எண்ணிச் சுவைப்பது பாவம். அழையாமலே வந்து நம்மை நடுங்க வைக்கும் எண்ணம் பாவமன்று. வாசலில் நாய் குரைப்பதனால் வீட்டுக்காரர் திருடனாகிவிட மாட்டார். மனம் இசையாத இடத்தில் குற்றமில்லை என்பது திருச்சபையின் தெளிவான போதனை. தம் மகளுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சும் தந்தையின் உள்ளத்தில் இருப்பது அன்பே. அது அச்சத்தின் உடையை அணிந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கற்பனை ஓர் இறைக்கொடை

இனி, கற்பனையையே அஞ்சி ஒதுக்குவதும் தவறு. ஐம்புலன்கள் திரட்டித் தரும் உருவங்களைச் சேமித்து வைக்கும் கருவூலம் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பனையைக் குறிப்பிடுகிறார். பொன்னைக் கண்டிருக்கிறோம், மலையைக் கண்டிருக்கிறோம், இரண்டையும் சேர்த்துப் பொன்மலையை மனத்தில் அமைக்கிறோம் என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் மனத்தில் அமைத்த பொன்மலையால் ஒரு படி நெல்லும் வாங்க இயலாது. கற்பனையின் பெருமையும் எல்லையும் இதனால் விளங்கும்.

இக்கொடையை எவ்வாறு ஆள்வது என்பதை நமக்குக் கற்பித்தவர் புனித இஞ்ஞாசியார். 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் நொறுங்கியது. லொயோலா மாளிகையில் பல மாதங்கள் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் சரிதையுமே. படித்த நேரம் போக மிஞ்சிய நேரமெல்லாம் கனவு கண்டார். ஒரு சீமாட்டியின் பொருட்டுத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களைப் பல மணி நேரம் கற்பனை செய்வார். புனிதர்களைப் போல வெறுங்காலுடன் எருசலேம் செல்வதாகவும் கற்பனை செய்வார். இரண்டும் அவ்வேளையில் இனித்தன. ஆனால் முதற்கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டது. இரண்டாவது கனவு கலைந்தபின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்த நாளிலேயே அவருடைய மனமாற்றம் தொடங்கிற்று. எண்ணம் வரும்போது இனிக்கிறதா என்பதைவிட, அது போனபின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஞானப் பயிற்சிகள் நூலில், கிறிஸ்து பிறப்பைத் தியானிப்பவர் நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் பாதையின் நீள அகலத்தையும், அது சமவெளியா பள்ளத்தாக்கா என்பதையும்கூட மனக்கண்ணால் காணவேண்டும் என்கிறார்.

அந்த இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்த ஒருவர் நம் தமிழ் மண்ணில் இதைச் செய்து காட்டினார். அவரே வீரமாமுனிவர் (1680-1747). இத்தாலியில் பிறந்தவர், கொள்ளிடத்தின் வடபுறத்தில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பியவர். கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி அன்னை, தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி நிற்கிறார். 1726-இல் அவர் நிறைவு செய்த தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். காவியத் தலைவர் புனித சூசையப்பர். அக்காவியத்தின் யூதேய நாட்டில் தமிழரின் மருத நிலம் தெரிகிறது. நீர் நிறைந்த வயலும் தாமரை பூத்த தடாகமும் தெரிகின்றன. நம் காவிரிக் கரையின் உழவன் சூசையப்பரை அந்நியராக அன்றித் தன் வரப்பில் நடந்து வருபவராகக் காணவேண்டும் என்பதே அம்முனிவரின் ஆவலாக இருந்திருக்க வேண்டும். உள்ளதை மாற்றும் மந்திரமாக அவர் கற்பனையைக் கையாளவில்லை. உள்ளவரான இறைவனை நம் வீட்டு வாசலுக்கு அழைத்து வரும் வழியாகக் கையாண்டார்.

தேங்கிய நீரும் ஓடும் நீரும்

முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடே நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. முற்காலத்தில் அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுத்தார்கள். வெட்டவெளியான சேற்று நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி அப்பள்ளத்தில் தேங்கியது. வெயில் நீரை உறிஞ்ச, உப்பு மட்டும் மிகுந்துகொண்டே போயிற்று. உப்பு நீரில் வளரும் அலையாத்தியே அங்கு முளைக்க முடியாத நிலை ஏற்பட்டது.

இப்பகுதி மீனவர்களோ தலைமுறை தலைமுறையாகக் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடித்து வந்தவர்கள். நீர் வந்து போகும் அவ்வாய்க்கால்களின் ஓரம் அலையாத்தி செழித்திருந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள்ளின் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்புத் தணிந்தது, நட்ட கன்றுகள் வேர்விட்டன.

நம் உள்ளமும் இத்தகையதே. அச்சம் உள்ளே வருவதை எவராலும் தடுக்க இயலாது. கடலோரத்தில் வாழ்பவனிடம் ஓதநீர் வரக்கூடாது என்று யார் சொல்வது? வந்த அச்சம் வெளியேற வழியின்றித் தேங்குவதே ஆபத்து. அது இரவு பகலாகக் காய்ந்து காய்ந்து உப்பாகிறது. பின்பு அங்கே அன்பும் முளைப்பதில்லை, செபமும் முளைப்பதில்லை. கெட்டதை நினைக்காதே, நினைக்காதே என்று அணை போடுவதனால் பயனில்லை. வாய்க்கால் வெட்ட வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

முதலாவது: அச்சத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், கணவரிடம், மனைவியிடம், பங்குத் தந்தையிடம் சொல்லுங்கள். கெத்சமனித் தோட்டத்தில் தமக்கு நேரவிருந்ததை மனக்கண்ணால் கண்டு கலங்கிய ஆண்டவர், அக்கலக்கத்தை மறைக்கவில்லை. தந்தையிடம் சொன்னார், நண்பர்களையும் விழித்திருக்கக் கேட்டார். அச்சம் இரவின் உறக்கத்தையும் பகலின் உழைப்பையும் நீண்ட நாள் கெடுத்துவந்தால் மருத்துவரையும் நாடுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இரண்டாவது: எண்ணத்தைச் செயலாக மாற்றுங்கள். மகளின் பிரசவத்தை எண்ணிக் கலங்குகிறீர்களா? மருத்துவமனைக்குச் செல்ல வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். செய்யவேண்டியதைச் செய்தபின் எஞ்சுவதை இறைவனின் கையில் ஒப்படையுங்கள்.

மூன்றாவது: உள்ளத்திற்கு நல்ல உணவு கொடுங்கள். உண்மையும் தூய்மையும் அழகும் உடையவற்றையே மனத்தில் இருத்துமாறு புனித பவுல் பிலிப்பியருக்கு அறிவுறுத்தினார். இன்று கைப்பேசி நள்ளிரவிலும் விபத்தையும் வன்முறையையும் படம் படமாக நம் கண்ணுக்குள் கொட்டுகிறது. உறங்குமுன் அதை அணைத்துவிட்டு, நற்செய்தியிலிருந்து ஒரு காட்சியைப் பிள்ளைகளோடு காணுங்கள். கடல்மீது புயல் அடிக்கிறது. படகின் பின்புறத்தில் ஆண்டவர் உறங்குகிறார். நாம் அப்படகில் எங்கே அமர்ந்திருக்கிறோம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் உங்களையே வியக்க வைக்கும்.

நான்காவது: நாள் முடிவில் ஓர் ஐந்து நிமிடம், அன்று வந்த எண்ணங்களை இஞ்ஞாசியாரைப் போலச் சுவைத்துப் பாருங்கள். எது அமைதியை விட்டுச் சென்றது? எது கசப்பை விட்டுச் சென்றது? முன்னதற்கு நன்றி கூறி, பின்னதை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள்.

மாலைச் செபமாலை

அன்று தோப்பில் நின்று இவற்றையெல்லாம் நாம் விரிவாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம்.

"ஐயா, இந்தத் தென்னம்பிள்ளைகளைப் புயலுக்குப் பிறகுதானே நட்டீர்கள்? நடும்போது என்ன நினைத்தீர்கள்?"

"இன்னொரு புயல் வந்தால் என்ன செய்வது என்றுதான் நினைத்தேன், சாமி."

"இருந்தும் நட்டீர்களே?"

அவர் பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவர் அஞ்சி அஞ்சி நட்ட கன்றுகள் ஆளுயரம் கடந்து, சில பாளையும் விட்டிருந்தன. அவருடைய அச்சம் அவற்றை வாட்டவில்லை. அவர் ஊற்றிய நீர் அவற்றை வளர்த்திருந்தது. எருசலேம் முற்றுகைக்குள் கிடந்த நாட்களில், நாடே அழியப்போவதை அறிந்திருந்தும், 17 வெள்ளிக் காசு நிறுத்துக் கொடுத்து அனதோத்தில் நிலம் வாங்கிய எரேமியாவின் வரலாற்றை (எரேமியா 32) அவருக்குச் சொன்னோம். கிறிஸ்தவக் கற்பனை என்பது அதுவே. வரக்கூடிய அழிவை அது கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதில்லை. அழிவுக்கும் அப்பால் இறைவன் இருப்பதைக் கண்டு, கையிலுள்ள கன்றை நடுகிறது.

வீடு திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள். சனிக்கிழமையாதலால் மகிழ்ச்சி மறைபொருள்கள். இரண்டாம் மறையுண்மையை நாம் தொடங்கியபோது, மலைநாட்டுப் பாதையையும், வாசலில் நிற்கும் எலிசபெத்தம்மாளையும், கருவுற்ற இரு பெண்களின் சந்திப்பையும் மனக்கண்ணால் காணும்படி சொன்னோம். வாசற்படியில் நின்றிருந்த அவர் உள்ளே வந்தார். மகளின் அருகே பாயில் அமர்ந்தார். சிறிது நேரம் கழித்து அவருடைய கை மகளின் தலைமீது இருந்தது.

அக்குழந்தை பிறக்கும் நாள் இன்னும் வரவில்லை. அது இறைவனின் கையில் இருக்கிறது. அதன் தாத்தாவின் எண்ணத்தில் இல்லை. இதைவிட ஆறுதலான செய்தி அந்த வீட்டுக்கு வேறெது? தம் பாரத்தைத் தாம் சுமக்கலாம். உலகத்தின் பாரத்தைச் சுமக்கும் வேலை நம்முடையதன்று. நம் குடும்பங்கள் யாவற்றிலும் அச்சத்தின் உப்பு தணிந்து அன்பு வேர்விட, ஆரோக்கிய அன்னையின் பரிந்துரையை வேண்டுவோமாக.